தராசும் கார்த்திகை அரிசியும்: கிளிநொச்சிக் குடியேற்றத்தில் ஒரு கமக்காரர் சங்கம் தொடங்கிய கதை

1950ஆம் ஆண்டு மாசியில் பதினாறு பேரின் நெல்லை ஒன்றாகச் சேர்த்தோம். கொப்பியில் 120 புசல் (புசல் என்பது அந்த நாளில் நெல் அளக்கும் அளவு). பங்குனிக் கடைசியில் லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் யாழ்ப்பாணத்து ஆலை ஒன்றில் நிறுத்தபோது 111 புசல். ஒன்பது புசலைக் காணவில்லை. களவு போகவில்லை, கொட்டிலின் திறப்பு என் இடுப்பில்தான் இருந்தது. எலியும் ஒன்பது புசல் தின்னாது.

ஊரில் கதை வேறு மாதிரிப் போனது. "பெடியன் எஸ்.எஸ்.சி. பாஸ். கழித்தல் கணக்கு நல்லா வரும்" என்று சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது. ஒரு கிழமை வாசிகசாலைப் பக்கமே போகவில்லை.

இப்போது தொண்ணூற்றைந்து. கண் மங்கிவிட்டது, நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்கிறாள். போன மாதம் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். நெல்லையும் உழுந்தையும் சேர்த்து விற்க ஒரு சங்கம் தொடங்கப் போகிறோம், நீங்கள் பழைய ஆள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். அவர்கள் போன பிறகுதான், பெருமை பேசினேனே தவிர உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை என்று உறைத்தது. அதனால் இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன். எங்கள் கூட்டக் கொப்பிகளும் காசேடுகளும் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. இது முழுக்க ஞாபகத்திலிருந்து.

கிளிநொச்சிக் குடியேற்றம் 1936இல் தொடங்கியது, வெள்ளைக்காரன் காலத்தில். யாழ்ப்பாணத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள், காணி காணாது, வேலை இல்லை; வன்னியில் காடும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்துத் தண்ணீரும் இருந்தன. 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேறியவருக்குக் காணி உத்தரவுப் பத்திரம் கொடுத்தார்கள். நாங்கள் அதைப் பேர்மிற் என்போம். அந்த நாள் வழக்கப்படி ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுக் காணியும். பிறகு 1950களில் அதை மூன்றும் இரண்டுமாகக் குறைத்துவிட்டார்கள். என் அப்பா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தவர். அந்த முதல் தொகுதியில் வந்தார். எனக்கு ஆறு வயது.

வந்த ஆண்டே வீட்டில் எல்லோருக்கும் மலேரியாக் காய்ச்சல். அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கிக்கொண்டு சமைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உலக யுத்தம் முடிந்து, நுளம்புக்கு டி.டி.ரி. மருந்து அடித்த பிறகுதான் ஊர் ஊராகியது. அதுவரை ஒரு போகம் விதைத்தால் மறு போகம் ஊருக்கு ஓடிப் போகிறவர்கள்தான் அதிகம்.

அந்தக் காய்ச்சல் காலத்தில் எங்களைத் தேடி வந்த ஒரே ஆள் முதலாளி. பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். மாட்டு வண்டிலில் அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, மலேரியாவுக்கான கொயினாக் குளிசை எல்லாம் கொண்டுவருவார். காசு கேட்க மாட்டார். "சூடு அடிச்ச பிறகு பாப்பம்" என்பார். சூடு அடிக்கும் நாளில், அதாவது கதிரை மிதித்து நெல் பிரிக்கும் நாளில், களத்து ஓரத்தில் வண்டில் வந்து நிற்கும். கார்த்திகையில் ஒரு புசல் கொடுத்தால் மாசியில் ஒன்றரைப் புசல். மிச்ச நெல்லையும் அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம்.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். பேர்மிற் காணியை ஈடு வைக்கவோ விற்கவோ முடியாது. கமக்காரன் காணியை இழந்துவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் காணியை ஈடாக எடுக்க முடியாவிட்டால் வெளியில் யார் கடன் தருவார்கள்? நிற்கிற பயிர்தான் ஈடு. பயிரை ஈடாக எடுக்கக்கூடியவர், களத்தில் வந்து நிற்கக்கூடியவர் ஒருவர்தான். இது எனக்குப் பல ஆண்டு கழித்தே விளங்கியது. இருபது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முதலாளி கொள்ளைக்காரர், அவரிடமிருந்து ஊரைக் காப்பாற்ற நான் பிறந்திருக்கிறேன் என்பதுதான்.

கூட்டுறவு எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 1929இலேயே கூட்டுறவு மத்திய வங்கி வந்துவிட்டது. புகையிலைக்காரர் 1934இல் மலையாளப் புகையிலைக்கு விற்பனைச் சங்கம் அமைத்து, திருவிதாங்கூருக்குத் தாங்களே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரியே நடந்தது. யுத்த காலத்தில் பங்கீட்டுச் சாமானுக்காகத் திரும்பிய பக்கமெல்லாம் சங்கக்கடை. 1940களின் கடைசியில் அரசாங்கம் கூட்டுறவு விவசாய உற்பத்தி விற்பனைச் சங்கங்களை ஊக்குவிக்கத் தொடங்கியது. உரமும் கடனும் சங்கத்தின் மூலம், நெல் கொள்வனவும் சங்கத்தின் மூலம். எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நாங்கள் ஐந்தாறு பெடியன்கள் கிளம்பினோம்.

முதல் கூட்டம் ஒரு பெரியவர் வீட்டு முற்றத்தில். நாற்பது பேரை எதிர்பார்த்தோம், பதினேழு பேர் வந்தார்கள். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. என் நண்பன் ஒருவன் வீதியில் என்னைப் பிடித்து, "அந்த முத்தத்துக்குள்ளை எங்கடை ஆக்கள் எப்பிடி வருவினம்? வந்தால் எங்கை இருப்பினம்?" என்று கேட்டான். குடியேற்றத்தில் எல்லாச் சாதியினருக்கும் காணி கொடுத்திருந்தார்கள். வாய்க்கால் ஒன்று, குளம் ஒன்று. ஆனால் வீட்டு முற்றம் யாழ்ப்பாணத்து முற்றமாகவே வந்து சேர்ந்திருந்தது. இரண்டாம் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்தோம், எல்லோருக்கும் ஒரே வாங்கு. சிலர் அதற்காகவே வராமல் விட்டார்கள், வீட்டு முற்றம் தந்த பெரியவர் உட்பட. ஆனால் வந்தவர்கள் ஐம்பதுக்கு மேல். பிள்ளைகளே, கூட்டம் எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் சங்கத்தில் யார் இருப்பார்கள் என்பது முடிவாகும். உபவிதி எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் கூட்டத்தில் நான் அரை மணி நேரம் பேசினேன். முதலாளி புசலுக்கு எவ்வளவு அடிக்கிறார், ஆலையில் என்ன விலை, இடையில் எவ்வளவு போகிறது என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். அப்போது பின்னால் நின்ற ஒரு அம்மா, புருஷன் காய்ச்சலில் செத்தபின் இரண்டு பிள்ளைகளோடு கமம் செய்தவர், கையைக்கூடத் தூக்காமல் கேட்டார்:

"தம்பி, நீர் சொல்லுறதெல்லாம் சரி. கார்த்திகையிலை எனக்கு அரிசி ஆர் தாறது? உம்மடை சங்கமோ?"

நான் ஏதோ சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. பதில் இருந்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். விலைதான் பிரச்சினை என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு ஆவணியிலிருந்து தை வரைக்குமான பசிதான் பிரச்சினை. முதலாளி அந்த மாதங்களை விற்றுத்தான் மாசி நெல்லை வாங்கிக்கொண்டிருந்தார். விற்பனைச் சங்கம் என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவரோடு போட்டிக்குப் போவது, ஒரு கையைக் கட்டிக்கொண்டு சூடு மிதிக்கிற கதை.

அது விளங்குவதற்கு முன்னரே, பதிவு வரும்வரை பொறுக்காமல், அந்தப் பதினாறு பேரின் நெல்லைச் சேர்த்துவிட்டோம். அந்த 120 புசலுக்கு வருகிறேன்.

முதலாளி மரைக்கால் என்ற அளவுப் பாத்திரத்தைக் குவித்து அளப்பார். கோபுரம் போல நெல் மேலே நிற்கும். அது களவு என்று ஊரே சொல்லும், நானும் சொன்னேன். அதனால் எங்கள் கொட்டிலில் தலைதட்டி அளந்தோம். ஒரு மணி கூட அதிகம் எடுக்கக் கூடாது என்று பெருமையாக நின்றேன். களத்திலிருந்து நேரே வந்த நெல், ஈரம் காயவில்லை. பனிக் காலம் வேறு. தூற்றினது பாதி, தூற்றாதது பாதி. சப்பி நெல், அதாவது பதர், நிறைய. ஒரு புசலுக்கு முப்பத்திரண்டு கொத்து என்று அளவில் எடுத்தோம். ஆலையில் அளவு இல்லை, தராசு. ஒரு புசலுக்கு 46 இறாத்தல் (பவுண்டு) நிறை. ஒன்றரை மாதத்தில் ஈரம் காற்றோடு போனது, சப்பி தூற்றியதில் போனது, ஒன்பது புசல் காணாமல் போனது. முதலாளியின் கோபுரத்தில் பாதி களவு; மீதிப் பாதி அவர் முப்பது ஆண்டு வியாபாரத்தில் கற்ற, நெல் காய்ந்து குறைவதற்கான கழிவு. எது எவ்வளவு என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, அதுதான் அவர் செய்த தவறு. நாங்கள் கழிவே இல்லாமல் வாங்கினோம், அது எங்கள் முட்டாள்தனம்.

நட்டத்தை எப்படிப் பங்கிடுவது என்று மூன்று இரவு சண்டை. "என்ரை நெல் காய்ஞ்ச நெல்" என்று பதினாறு பேரும் சொன்னார்கள். யாருடைய நெல் எது என்று குறிக்காமல் ஒரே குவியலாகக் கொட்டியிருந்தோம். கடைசியில் எல்லோருக்கும் சமமாகக் கழித்தோம். உண்மையிலேயே காயவைத்துத் தூற்றிக் கொண்டுவந்த மூன்று பேருக்கு அது அநியாயம். அதில் ஒருவர் பிறகு சங்கத்துக்கு வரவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு வந்த விதிகள்தான் சங்கத்தை நிலைநிறுத்தின. தராசு வாங்கும்வரை நெல் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். பங்குப் பணத்தில் முதலில் வாங்கியது தராசுதான், மேசைகூட இல்லை. நிறுப்பது பகலில் மட்டும், கொண்டுவந்தவர் முன்னால், அவர் படிக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு. நெல்லைக் கடித்துப் பார்ப்போம்: டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் திருப்பிப் பாயில் போடச் சொல்லுவோம். கடித்துப் பார்க்கிற வேலையைக் காரியதரிசியான நான் செய்யக் கூடாது என்றும் ஒரு விதி. காரணம், அப்பாவின் நெல்லை நான் எப்படித் திருப்பி அனுப்புவேன்? உறுப்பினர்களுக்குள் கிழமைக்கு இரண்டு பேர் மாறி மாறிக் கடித்தார்கள். கடிக்கிறவர் அடுத்த கிழமை கடிபட வேண்டும் என்பதால் யாரும் வரம்பு மீறவில்லை. ஒவ்வொருவர் சாக்கிலும் காணி இலக்கம் தாரால் எழுதினோம்.

பதிவு வேலை கிட்டத்தட்ட ஓர் ஆண்டு எடுத்தது. 1936ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கச் சட்டம், மாதிரி உபவிதிகள், எல்லாம் ஆங்கிலத்தில். நான் இரவில் தமிழில் எழுதி, வேப்பமரத்தடியில் வாசித்துக் காட்டுவேன். அலுப்பான வேலை, ஆனால் ஒரு பலன் கிடைத்தது. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான் என்ற வரியை வாசித்தபோது ஒரு கிழவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்று முறை வாசித்தேன். அடுத்த நாள் தன் தெருவிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவந்தார்.

கூட்டுறவுத் திணைக்களத்திலிருந்து பரிசோதகராக வந்தவர் ஒரு மெலிந்த மனிதர், சைக்கிளில் வருவார். வந்ததும் விண்ணப்பத்தைக் கேட்கவில்லை, தராசைக் காட்டுங்கள் என்றார். அப்புறம் நிர்வாகக் குழுப் பட்டியலை எடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இவர் போன போகம் எத்தனை புசல் வித்தவர்?" என்று கேட்டார். தலைவர் என்று நாங்கள் போட்டிருந்த பள்ளிக்கூட அதிபருக்கு வயலே இல்லை. உபதலைவர் கமவிதானையார், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர்; அவர் தன் நெல்லை முதலாளிக்குத்தான் கொடுப்பார். மதிப்பான பெயர்கள் மேலே இருந்தால் சங்கத்துக்கு மதிப்பு வரும் என்று நினைத்திருந்தோம். பரிசோதகர் ஒன்றும் சொல்லாமல் பட்டியலைத் திருப்பித் தந்தார். விற்க நெல் இல்லாதவருக்குக் குழுவில் இடம் இல்லை என்று மாற்றினோம். அதிபர் பெருந்தன்மையாக விலகினார். கமவிதானையார் இரண்டு ஆண்டு என்னோடு பேசவில்லை. எங்கள் வயலுக்குத் தண்ணீரும் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது என்று அப்பா சொல்லுவார்.

யார் உறுப்பினராகலாம் என்பதிலும் இடறினோம். பேர்மிற் ஒருவர் பெயரில்தான் இருக்கும், பெரும்பாலும் ஆம்பிளையின் பெயர். காணிச் சட்டப்படி பின்னுரித்தாளரும் (அவருக்குப் பின் காணியைப் பெறுபவரும்) ஒருவர்தான், காணியைப் பிரிக்க முடியாது. ஆனால் வயலில் நிற்பது இரண்டாவது மகனும் மருமகனும், நெல் அளப்பது மனைவி. பேர்மிற்காரர் மட்டும்தான் உறுப்பினர் என்று எழுதியதால், கூட்டத்துக்கு வருபவர் ஒருவர், நெல் கொண்டுவருபவர் இன்னொருவர், காசு கேட்பவர் மூன்றாம் ஆள் என்று ஆனது. ஒருமுறை ஒரு வீட்டில் அப்பன் கையில் காசைக் கொடுத்தேன். மாலையில் தாய் வந்து களஞ்சிய வாசலில் நின்று கத்தினார். அப்பன் அதற்குள் கள்ளுக் கொட்டிலில். நெல் கொண்டுவந்து ஒப்பம் வைத்தவர் கையிலேயே காசு என்று அதன் பிறகு மாற்றினோம். உறுப்பினர் விதியைப் பிறகு திருத்தி, அந்தக் காணியில் கமம் செய்கிறவர் என்று ஆக்கினோம். விதவை அம்மாவுக்கு அவர் பெயரிலேயே பேர்மிற் மாறி வந்திருந்தது. எங்கள் முதல் பெண் உறுப்பினர் அவர்தான்.

கார்த்திகை அரிசிக்கு வழி சொன்னதும் அவர்தான். மாசியில் எல்லோரிடமும் நெல் இருக்கும்போது ஆளுக்கு மூன்று புசல் களஞ்சியத்தில் விட்டுவிட வேண்டும். விற்பதற்கல்ல. கார்த்திகை, மார்கழியில் தேவைப்படுகிறவர் எடுத்துக்கொண்டு, அடுத்த மாசியில் புசலுக்கு நாலு கொத்துக் கூட்டித் திருப்பித் தர வேண்டும். முதலாளி பதினாறு கொத்துக் கூட்டி வாங்குவார், நாங்கள் நாலு. அந்த நாலு கொத்து எலி தின்பதற்கும் நெல் காய்ந்து குறைவதற்கும் போதும், கொஞ்சம் மிஞ்சும். காசு இல்லாமல், வங்கி இல்லாமல், கையெழுத்து இல்லாமல் ஒரு கடன் நிதி. விதை நெல்லையும் இதற்குள்ளேயே வைத்தோம், மொட்டைக்கறுப்பன் ஒரு பக்கம், பச்சைப்பெருமாள் ஒரு பக்கம். நெல்லைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் பலகை, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, சாக்குகளுக்கு நடுவில் வேப்பிலை. சுவரோடு சேர்த்து அடுக்கிய முதலாண்டு கீழ் வரிசை முழுக்கப் பூஞ்சணம் பிடித்தது.

விதைப்புக் கடன் அரசாங்கத்திலிருந்து சங்கம் மூலமாக வரத் தொடங்கியதும் இன்னொரு கையும் கிடைத்தது. கடனைச் சங்கம் கொடுக்கும், நெல்லைச் சங்கத்துக்குக் கொடுக்கும்போது அதில் கழிப்போம். புத்தகத்தில் இது அழகான ஏற்பாடு. நடைமுறையில், கடன் எடுத்தவரில் கொஞ்சப் பேர் நெல்லை இரவோடிரவாக வேறிடத்தில் விற்றுவிட்டு, "விளைச்சல் இல்லை" என்பார்கள். பக்கத்து வயல்காரனுக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டான். ஐந்து ஐந்து பேராகச் சேர்த்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேருக்கும் அடுத்த போகம் கடன் இல்லை என்று வைத்தோம். அது வேலை செய்தது, ஆனால் இரண்டு குடும்பங்களுக்குள் கதைபேச்சே இல்லாமல் போனது. இன்றைக்கு அதை அப்படியே செய்யச் சொல்வேனா என்றால், தெரியாது.

முதலாளியின் விஷயம். பதிவான முதல் போகத்தில் அவர் எங்களை விடப் புசலுக்கு ஐம்பது சதம் கூட்டிக் கொடுத்தார். இது நடக்கும் என்று பரிசோதகர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் குழுவில் கொதித்தவர்கள், நெல்லை வெளியே விற்றால் உறுப்பினரை நீக்க வேண்டும் என்றார்கள். நீக்கியிருந்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள். ஐம்பது சதம் அன்றைக்குச் சின்னக் காசா? விளைச்சலில் பாதியைச் சங்கத்துக்குத் தந்தால் போதும், மிச்சத்தை விரும்பிய இடத்தில் விற்கலாம் என்று முடிவு செய்தோம். முதலாளி விலையை ஏற்றியதே நாங்கள் இருப்பதால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மிச்சப் பாதிக்கும் நல்ல விலை கிடைத்தது சங்கத்தால்தான். அந்தக் கணக்கை நான் கரும்பலகையில் போட்டுக் காட்டவில்லை. தானாகவே பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு ஊரில் பழைய கடன் நிலுவை நிறைய இருந்தது. அதைக் கொடுக்காதே என்று எங்கள் பெடியன்களில் சிலர் சொல்லித் திரிந்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான். அப்பா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "உன்ரை தாய் காய்ச்சலிலை கிடக்கேக்கை கொயினா தந்தது ஆரெண்டு கேட்டுப் பார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாசியில் முதலாளியைக் களஞ்சியத்துக்கு அழைத்தோம். உறுப்பினருக்குக் காசு கொடுக்கும்போது, கடன் இருக்கிறவர் தானே ஒத்துக்கொண்ட தொகையை அவர் முன்னாலேயே எண்ணிக் கொடுத்தார், நான் பற்றுச்சீட்டு எழுதினேன். சில கணக்குகளில் வட்டியை அவரே வெட்டிவிட்டார். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றரைப் பங்கு கேட்பது அவருக்கும் கூச்சம். மூன்று போகத்தில் பெரும்பாலான கடன் தீர்ந்தது. வேறு சங்கங்களுக்கு நேர்ந்த மாதிரி எங்கள் களஞ்சியத்துக்கு யாரும் நெருப்பு வைக்கவில்லை, லொறிக்காரரைத் தடுக்கவில்லை. பிறகு அவரே எங்கள் நெல்லை யாழ்ப்பாணத்துக்கு ஏற்றும் வேலையைக் கூலிக்கு எடுத்தார்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மார்கழி மழையில் ஒரு உறுப்பினர் வந்து, பிள்ளைக்கு வயிற்றோட்டம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டில் கூலிக்கும் மருந்துக்கும் காசு வேண்டும் என்று அழுதார். குழுவைக் கூட்ட நேரமில்லை. பெட்டியிலிருந்து நாற்பது ரூபா எடுத்துக் கொடுத்தேன், நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். பிள்ளை பிழைத்தது. காசு திரும்பவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம். இடையில் இன்னொருவர் வந்தார், அவருக்கும் கொடுத்தேன், ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? கணக்காய்வில் எண்பத்துமூன்று ரூபா குறைந்தது. நான் ஒரு சதம் எடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பள்ளிக்கூட மண்டபத்தில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டியிருந்தது. வண்டில் மாட்டில் ஒன்றை விற்றுக் கட்டினேன். ஒற்றை மாட்டோடு அந்த விதைப்புக் காலத்தை எப்படி ஓட்டினோம் என்பது வேறு கதை.

அதற்குப் பிறகு பெட்டிக்கு இரண்டு பூட்டு, திறப்பு இரண்டு பேரிடம், அந்த இருவரும் உறவினராக இருக்கக் கூடாது. அவசரத்துக்கென்று ஐம்பது ரூபா தனியாக ஒதுக்கி, யார் எடுத்தாலும் வாசல் பலகையில் அன்றைக்கே எழுத வேண்டும் என்றோம். அந்தப் பலகையில் அன்றைய விலை, அன்று வாங்கிய புசல், பெட்டியில் இருக்கும் காசு மூன்றும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவோம். வாசிக்கத் தெரியாதவர்களும் வந்து, பக்கத்தில் நிற்பவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஆண்டுக் கணக்கான ஐந்தொகையை ஒருவரும் பார்த்ததில்லை.

1952 தொடக்கம் அரசாங்கத்தின் உத்தரவாத விலை புசலுக்கு 12 ரூபா. வெளிச் சந்தையில் அந்த விலை கிடைக்காது. ஒரே போகத்தில் உறுப்பினர் தொகை இரட்டித்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் ஐந்து ஏக்கர் விதைக்கிறவர் பெயரில் பத்து ஏக்கர் நெல் வந்து இறங்கியது. யாருடைய நெல் என்று எல்லோருக்கும் தெரியும். பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்துக்குக் கிடைத்ததால், வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருக்க வேண்டிய நெல்லையும் கொண்டுவந்து விற்றுவிட்டுப் பங்கீட்டு அரிசியைச் சாப்பிட்டார்கள். கார்த்திகைக் களஞ்சியத்துக்கு மூன்று புசல் விடச் சொன்னால், பன்னிரண்டு ரூபா நெல்லை எதற்குச் சும்மா வைக்க வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்விதான். அந்த ஆண்டு விதவை அம்மாவும் இன்னும் பத்துப் பேரும் மட்டும் விட்டார்கள்.

1953இல் பங்கீட்டு அரிசியைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால், நாடே நின்றது, அந்த ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். எங்கள் ஊரில் ஹர்த்தால் சத்தமில்லாமல் போனது. ஆனால் கார்த்திகையில் களஞ்சிய வாசலில் வரிசை. இருந்தது முப்பத்துச் சொச்சம் புசல். நெல் விட்டவர்களுக்கு மட்டும் கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா என்று குழு கூடியது. நான் விதி பேசினேன். அந்த அம்மா, "பசிக்கிறவனுக்கு உபவிதி வாசிக்காதையும்" என்றார். குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்கு முதலில் என்று கொடுத்தோம். அடுத்த மாசியில் மூன்று புசல் விடாதவர் ஏழு பேர்தான். அவர்கள் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்றார்கள், நான் எழுதவில்லை.

1957இல் பிலிப் குணவர்தனா அமைச்சராக இருந்தபோது பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. எங்களுடையதைப் போன்ற உற்பத்தி விற்பனைச் சங்கங்கள் அவற்றோடு கலந்தன. கடன், கொள்வனவு, கடை எல்லாம் ஒரு கூரையின் கீழ். திட்டம் பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சங்கம் பெரிதானதும் நெல்லைக் கடிக்கிற முறை நின்றது; சம்பளத்துக்கு ஒருவரை வைத்தார்கள். அவர் யாருடைய நெல்லையும் திருப்பி அனுப்பவில்லை, அல்லது சிலருடையதை மட்டும் அனுப்பினார். பலகை கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் அதில் கூட்ட அறிவித்தல் ஒட்டத் தொடங்கினார்கள்.

நான் ஒப்படைத்த நாளில் பட்டியல் போட்டேன்: தராசு ஒன்று, படிக்கல் ஒரு தொகுதி, சாக்கு இருநூற்றுச் சொச்சம், பூட்டு இரண்டு, கொப்பிகள். புதிய முகாமையாளர் ஒவ்வொன்றாகச் சரி பார்த்து ஒப்பம் வைத்தார். பின் அறைக்குப் போனவர் திரும்பி வந்து, "இந்தப் பலகை மேலை அடுக்கியிருக்கிற நெல் ஆருடையது? பட்டியலிலை இல்லையே" என்று கேட்டார். கார்த்திகை நெல். அது சங்கச் சொத்தாக எந்தக் கொப்பியிலும் ஏறியதில்லை, ஆளுக்கு மூன்று புசல், கொடுத்தவர்களுடையது. அவருக்கு அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று பின்னேரமே ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினேன். வண்டிலிலும் தலையிலுமாக அவரவர் நெல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். இருட்டுவதற்குள் அறை வெறுமையாகிவிட்டது, வேப்பிலைச் சருகு மட்டும் கிடந்தது.